நால்வாயிற் கோயில்: அமிர்தசரஸ் பொற்கோயிலின் சரித்திரமும் யாத்திரையும்

மிஷன் கல்லூரியிலே சரித்திரம் படித்த நாட்களில் சீக்கியரைப் பற்றி நாம் அறிந்திருந்தவை மூன்றேயாம்: தலைப்பாகை, வாள், மகாராஜா ரஞ்சித்சிங். பாடநூலில் அவர்கட்கு ஒதுக்கப்பட்ட சில பக்கங்களுட் பெரும்பகுதி, ஆங்கிலேயரோடு அவர்கள் பொருத இரு யுத்தங்களுக்கே போய்விட்டது. கோயிலைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதுவும் பொன்னைப் பற்றிய வரியே.

சென்ற தை மாதம் பல்கலைக்கழக விடுமுறையிலே நண்பர் மூவருடன் வட இந்தியா சென்று, அமிர்தசரசில் இரண்டு நாள் தங்கி மீண்டோம். திரும்பிவந்ததும் சங்கத்துப் பெரியவர் ஒருவர், “தம்பிமார், காசி இருக்க அமிர்தசரசுக்கு ஏன் போனியள்?” என்று கேட்டார். அன்று மரியாதைக்கு ஏதோ சொல்லித் தப்பினோம். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியே இக்கட்டுரை.

முதலிலே, இலங்கையரான எமக்கு அவ்விடத்தோடு ஒரு பழைய உறவுக் கதை உண்டு. சீக்கிய சமயத்தின் முதற்குருவாகிய நானக் 1469 ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானிலே நன்கானா சாகிபு என வழங்கும் தல்வண்டியிற் பிறந்தவர். அவர் நெடும் யாத்திரைகள் செய்தவர். அவருடைய வாழ்க்கையைக் கூறும் ஜன்மசாகி நூல்கள், அவர் கடல் கடந்து சிங்களதீபம் வந்து சிவநாபன் என்னும் அரசனைச் சந்தித்தார் என்று சொல்லுகின்றன. இந்நூல்கள் பக்தியினால் எழுந்தவை. கல்வெட்டுப்போல அவற்றை வாசித்தல் தகாது. ஆயினும் பஞ்சாபிலே நாம் சந்தித்த ஒரு முதியவர், எமது ஊர் எதுவெனக் கேட்டறிந்தவுடன், சிவநாபனுடைய நாட்டார் என்று சொல்லி எம் கைகளைப் பற்றிக்கொண்டார். பாடநூல் தராத அறிமுகத்தை அக்கதை எமக்குத் தந்தது.

இனிக் கோயிலின் வரலாற்றுக்கு வருவோம். அது கல்லிலே தொடங்கவில்லை. சோற்றிலே தொடங்கிற்று என்றால் பிழையாகாது. மூன்றாம் குருவாகிய அமர்தாஸ், தம்மைக் காண வருவோர் யாவரும் முதலில் மற்றவரோடு ஒரே பந்தியில் நிலத்திலிருந்து உண்ணவேண்டும், அதன் பின்னரே தம்மைக் காணலாம் என விதித்தார். லங்கர் எனப்படும் பொது அடுக்களையின் ஒழுங்கு அவர் காலத்திலே உறுதிபெற்றது. அக்பர் சக்கரவர்த்தியும் அப்பந்தியில் அமர்ந்தே உண்டார் என்பது சீக்கியர் வழிவழி கூறும் செய்தி. யாரோடு உண்பது, யார் கையால் உண்பது என்பதிலே சாதி முழுவதும் அடங்கியிருந்த சமுதாயத்தில் இது சிறிய காரியமன்று. அடுக்களை முந்தியது, கோயில் பிந்தியது. இதனை மனத்திற் கொண்டாலன்றி அக்கோயிலின் அமைப்பு விளங்காது.

நான்காம் குரு இராமதாஸ் 1577 இல் அங்கே ஒரு குளம் வெட்டுவித்தார். அதனைச் சூழ ஒரு நகரமும் எழுந்தது. அமிர்த சரஸ் என்பது அக்குளத்தின் பெயர். பின்னர் அதுவே ஊரின் பெயராயிற்று. ஐந்தாம் குரு அர்ஜன், அக்குளத்தின் நடுவே கோயிலை எழுப்பினார். அதற்கு அடிக்கல் நாட்டியவர் லாகூரைச் சேர்ந்த மியான் மீர் என்னும் சூபி ஞானியார் என்று பலரும் எழுதுவர். இச்செய்தி பிற்கால நூல்களிலேயே காணப்படுகின்றமையால் ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுகின்றனர். ஐயம் இருக்கட்டும், ஒரு சமயத்தார் தமது தலையாய கோயிலின் முதற் கல்லை வேற்றுச் சமயத்தார் ஒருவர் வைத்தார் என்று தாமே பெருமையோடு சொல்லிக்கொள்வது எத்தனை இடங்களில் உண்டு?

கோயிலின் அமைப்பிலே இரண்டு புதுமைகள் உள்ளன. எங்கள் நாட்டிலே கோயிலை உயர்த்திக் கட்டுவோம். கோபுரத்தைத் தூரத்திலிருந்தே கண்டு கைகூப்புவோம். அங்கோ தெருவிலிருந்து படிகளில் இறங்கியே கோயிலைக் காணவேண்டும். உள்ளே வருபவன் எவனாயினும் தாழ்ந்து வருதல் வேண்டும் என்பதே கருத்தென்பர். மற்றையது, ஒரு வாயிலன்றி நான்கு திசைக்கும் நான்கு வாயில்கள். நால்வகை வருணத்தாரும் எத்திசையாரும் வரலாம் என்பதற்கு அது அடையாளம். 1601 இற் கோயில் முற்றுப்பெற்றது.

1604 இலே குரு அர்ஜன் ஆதி கிரந்தத்தைத் தொகுத்து அங்கே வைத்தார். விக்கிரகம் இருக்கவேண்டிய இடத்தில் நூல் இருக்கின்றது. அந்நூலிலே குருமாரின் பாடல்களோடு, நெசவாளராகிய கபீர், சக்கிலியராகிய இரவிதாஸ், மராட்டிய நாட்டு நாமதேவர், முஸ்லிம் ஞானியாகிய சேக் பரீத் ஆகியோர் பாடல்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இரவிதாசரைத் தம் வீட்டுத் திண்ணையில் ஏற அக்காலத்துப் பெரிய மனிதர் விட்டிருப்பாரோ என்னவோ. அவர் பாடலோ பட்டு விதானத்தின் கீழிருந்து ஓதப்படுகின்றது. இரண்டாண்டுகள் கழிந்து, 1606 இல், ஜகாங்கீர் ஆட்சியிலே லாகூரில் குரு அர்ஜன் கொலையுண்டார். அவருடைய மைந்தர் ஹர்கோவிந்தர் இரண்டு வாள்களைத் தரித்து, கோயிலுக்கு எதிரே அகால் தக்து என்னும் ஆசனத்தை அமைத்தார். ஒரு வாள் உலகியலுக்கு, ஒரு வாள் ஆத்மீகத்துக்கு. பாடநூலில் நாம் கண்ட வாள் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்குமன்றோ.

பதினெட்டாம் நூற்றாண்டு அக்கோயிலுக்கு இடிபடுதலும் எழுதலுமாகவே கழிந்தது. 1740 இல் மஸ்ஸா ரங்கர் என்னும் அதிகாரி கோயிலுள்ளே நடனமும் மதுவுமாகக் கொலுவீற்றிருந்தபோது இரு சீக்கியர் உட்புகுந்து அவனைக் கொன்றனர். 1757 இல் ஆப்கானியரான அகமத்சா அப்தாலியின் படைகள் கோயிலைப் பாழ்படுத்திக் குளத்தைத் தூர்த்தன. அதனை மீட்கப் புறப்பட்ட பாபா தீப்சிங் எழுபத்தைந்து வயதுக் கிழவர். வழியிலே போரில் வீழ்ந்தார். குளத்தைச் சுற்றியுள்ள பாதையில் அவர் நினைவாக ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கின்றது; வலம் வருவோர் அங்கே ஒரு கணம் நிற்பர். 1762 இல் அப்தாலி வெடிமருந்து வைத்துக் கோயிலைத் தகர்த்தான். அவ்வாண்டுத் தீபாவளிக்கே சீக்கியர் இடிபாட்டின் நடுவிற் கூடினர். 1764 இலே மறுபடியும் படையெடுப்பு. குர்பக்ஷ்சிங் என்பவரும் அவரோடு முப்பதுபேரும் எதிர்த்து நின்று மடிந்தனர். அதன்பின் ஜஸ்ஸாசிங் அலுவாலியா முதலிய தலைவர்கள் பொருள் திரட்டித் திருப்பணி தொடங்க, 1776 அளவில் இன்றுள்ள கட்டடம் உருவாயிற்று. வேதாகம வகுப்பிலே, எருசலேமின் இடிந்த மதிலை நெகேமியா ஒரு கையில் ஆயுதமும் மறு கையில் வேலையுமாகக் கட்டுவித்த கதையை மனனம் செய்தோம். அக்கதை எமக்கு உண்மையில் விளங்கியது அமிர்தசரசிலேதான்.

பொன் வந்தது இவற்றுக்கெல்லாம் பிறகு. ரஞ்சித்சிங் மகாராஜா பளிங்கும், செப்புத் தகட்டின்மேற் பொன்னும் போர்த்து 1830 அளவில் அதனை இன்று காணும் கோலமாக்கினார். பொற்கோயில் என்பது பிறர் இட்ட பெயர். அவர்கள் ஹரிமந்திர் சாகிபு என்றும், தர்பார் சாகிபு என்றுமே சொல்வர். யாத்திரை செய்வோர் அப்பெயர்களை அறிந்து சென்றால் நன்று.

இனிச் சொல்லப்போவதே பாடநூலில் இல்லாத பகுதி. இளைஞராகிய நாம் முக்கியமாக அறியவேண்டியதும் இதுவே. 1849 இல் ஆங்கிலேயர் பஞ்சாபைக் கைப்பற்றிய பின்னர், கோயில் நிர்வாகம் அவர்கள் நியமித்த ஒருவர் கையிற் போயிற்று. நான்கு வாயில்களும் முன்போலவே இருந்தன. ஆனால் சாதி பின்வாயிலால் உள்ளே வந்துவிட்டது. தாழ்த்தப்பட்ட குலங்களிலிருந்து சீக்கியராயினோர் கொணரும் பிரசாதத்தை ஏற்கவும், அவர்கட்காக அர்தாஸ் என்னும் வேண்டுதல் செய்யவும் அங்குள்ள பூசகர்கள் மறுத்தனர். அடிக்கல்லின் கதை ஒருபுறமிருக்க, அடுக்களையின் கதையும் மறக்கப்பட்டது.

1919 ஏப்பிரில் 13 ஆந் தேதி, கோயிலுக்குச் சில நிமிட நடைத் தூரத்திலுள்ள ஜாலியன்வாலா பாக்கிலே ஜெனரல் டயரின் துருப்புக்கள் கூட்டத்தின்மீது சுட்டன. மாண்டோர் 379 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. உண்மைத் தொகை அதனினும் மிகுதி என்பதே இந்தியரின் கொள்கை. இதற்குப் பின்னும் அக்கோயிலின் நிர்வாகி டயருக்கு மரியாதை செய்தார். சீக்கிய இளைஞரின் உள்ளம் கொதித்தது.

1920 ஒக்டோபர் 12 ஆந் தேதி, அதே ஜாலியன்வாலா பாக்கிலே தாழ்த்தப்பட்ட குலத்தாராகிய புதிய சீக்கியர் பலர் அமிர்தம் பெற்றனர். பின்பு பிரசாதத்தைத் தாங்கி அவர்கள் கோயிலை நோக்கிப் புறப்பட, நகரிலுள்ள கால்சா கல்லூரியின் ஆசிரியரும் மாணவரும் உடன் நடந்தனர். பூசகர்கள் வழக்கம்போல் மறுத்தனர். வாதம் நீண்டது. ஈற்றிலே, கிரந்தத்தைத் திறந்து, விழுந்த பக்கம் என்ன சொல்லுகிறதோ அதன்படி நடப்போம் என இருசாராரும் இணங்கினர். தகுதியற்றவர் எனப்பட்டோருக்கும் இறைவன் அருளுவான் என்ற பொருளமைந்த பாடல் விழுந்தது. பாடியவர் யாரெனில், பந்தி வைத்த அதே குரு அமர்தாஸ். பிரசாதம் ஏற்கப்பட்டது; அனைவர்க்கும் பகிரப்பட்டது. அவர்கள் எதிரேயுள்ள அகால் தக்துக்குச் சென்றபோது அங்கிருந்த பூசகர்கள் ஆசனத்தைக் கைவிட்டு ஓடிவிட்டனர்.

எம்மை ஒத்த வயதினர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சென்று செய்த காரியம் இது. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கோயில் வாயில்கள் சில 1960களிலும் எம்மவருட் சிலருக்கு அடைபட்டுக் கிடந்ததையும், அவற்றின் முன் சத்தியாக்கிரகம் இருந்தோர் அடிபட்டதையும் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றி வீட்டிலே நாம் கேட்டால் பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிடும். காசியை விட்டு அமிர்தசரசுக்கு ஏன் போனோம் என்ற கேள்விக்கு மறுமொழியிற் பாதி இங்கே கிடக்கின்றது.

அதன்பின் காரியங்கள் விரைந்து நடந்தன. அவ்வாண்டு நவம்பரிலே குருத்துவாராக்களை நிருவகிக்கச் சிரோமணி குருத்துவாரா பிரபந்தக் கமிட்டி அமைக்கப்பட்டது. 1921 இல் அரசாங்கம் கோயிற் பொக்கிஷத்தின் திறப்புக்களைப் பறித்துக்கொண்டது; மக்கள் சிறை நிரப்பவே 1922 ஜனவரியில் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. 1925 ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகம் தேர்தல் மூலம் சீக்கியரிடமே வந்தது. அத்தேர்தலிற் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. இதற்கிடையே 1923 இல் குளத்து நீரை இறைத்துச் சேறு அள்ளும் பணி நடந்தது. கார் சேவை என்பது அதன் பெயர். செல்வரும் வறியவரும் ஒரே வரிசையில் நின்று சேற்றுக்கூடை கைமாற்றினர். 1973 இலும் 2004 இலும் அவ்வாறே மீண்டும் செய்தனர்.

1984 ஐப் பற்றி எழுதாது விடுதல் நேர்மையாகாது. ஜர்னைல்சிங் பிந்தரன்வாலேயும் ஆயுதந்தாங்கிய அவர் குழுவினரும் கோயில் வளவினுள்ளே அரண் அமைத்திருந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்திலே, குரு அர்ஜன் நினைவுநாளுக்காக யாத்திரிகர் நிறைந்திருந்த வேளையில், இந்திய இராணுவம் உட்புகுந்தது. அகால் தக்து பீரங்கிகளாற் சிதைந்தது. இடையிலகப்பட்ட யாத்திரிகரும் பலர் மாண்டனர். எத்தனை பேர் என்பதில் அரசாங்கம் ஒன்றும் சீக்கியர் வேறொன்றும் கூறுவர். கையெழுத்துப் பிரதிகள் நிறைந்த சீக்கிய நூலகம் தீக்கிரையாயிற்று. 1981 ஐக் கண்ட யாழ்ப்பாணத்தாருக்கு அந்த இழப்பை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒக்டோபர் 31 இல் இந்திரா காந்தி அம்மையார் தம் சீக்கிய மெய்காவலராற் சுடப்பட்டிறந்தார். தொடர்ந்து டில்லியிலும் பிறவிடங்களிலும் ஆயிரக்கணக்கான சீக்கியர் கொலையுண்டனர். அரசாங்கம் அவசரமாகத் திருத்திக் கொடுத்த அகால் தக்தைச் சீக்கியர் ஏற்கவில்லை. 1986 இல் அதனைத் தாமே இடித்து, கார் சேவையாகத் தம் கையாலேயே மறுபடி கட்டினர்.

பெரியோர் சிலர், சீக்கியரும் இந்துக்கள்தாமே என்பர். அன்பினாற் சொல்லும் வார்த்தை அது. எனினும் அங்கே சென்று அதனைச் சொல்லாதிருத்தல் நலம். நாம் இந்துக்கள் அல்லர் என்றே தலைப்பிட்டு, நாபாவைச் சேர்ந்த கான்சிங் என்பவர் 1898 இல் ஒரு நூல் எழுதியிருக்கின்றார். தம்மை இன்னார் என்று சொல்லும் உரிமை அவரவர்க்கே உரியது.

யாத்திரை செய்ய விரும்பும் அன்பர்களுக்கு நாம் கண்டறிந்தவற்றைச் சொல்லுவோம். இந்திய விசா பெற்று, கொழும்பிலிருந்து டில்லிக்கு விமானத்திற் செல்லலாம். சென்னை வழியாகப் போவோர் அங்கிருந்து புகையிரதத்தில் இரண்டு இரவு பிரயாணம் செய்து டில்லியை அடைவர். டில்லியிலிருந்து அமிர்தசரஸ் ஏறத்தாழ 450 கிலோமீற்றர். விரைவு வண்டியில் ஆறு மணி நேரம். தை மாதத்திலே போகாதீர்கள். பனிமூட்டத்தினால் எமது வண்டி நான்கு மணி நேரம் பிந்திற்று. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த எமக்குப் பல் கிட்டிப் பேச்சும் எழவில்லை. வைகாசி, ஆனியில் வெயில் நாற்பது பாகையையும் கடக்கும். ஐப்பசி, கார்த்திகையும் மாசி, பங்குனியுமே ஏற்ற காலங்கள். தீபாவளியன்று குளத்தைச் சூழ விளக்கேற்றுவர். ஹர்கோவிந்தர் குவாலியர்ச் சிறையிலிருந்து மீண்ட நாளாக அவர்கள் அதனைக் கொண்டாடுகின்றனர். கண்கொள்ளாக் காட்சி என்பர், கூட்டமும் அப்படியே.

தங்குவதற்குக் கோயிலைச் சார்ந்த மடங்கள் உள்ளன; அவற்றைச் சராய் என்பர். பிறநாட்டாருக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு. கடவுச்சீட்டைக் காட்டினாற் போதும். கட்டணம் கேட்பதில்லை, விரும்பியதை உண்டியலில் இடலாம். மூன்று நாளுக்கு மேற் தங்குவது முறையன்று. புகையிலை, சுருட்டு, மது எவையும் கோயிலின் அருகே கொண்டுபோகலாகாது. வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியோர் இதைச் சற்றுக் கவனிக்க.

சப்பாத்துக்களை வாயிலருகே ஒப்படைத்து இலக்கத் தகடு பெறவேண்டும். தலையை ஆணும் பெண்ணும் துணியால் மூடுதல் கட்டாயம். கொண்டுவராதோர்க்கு அங்கேயே துணி கிடைக்கும். வாயிலில் நீர் ஓடும் பள்ளத்தில் நடந்தால் கால் தானே கழுவப்படும். படிகளில் இறங்கியதும் குளமும் கோயிலும் ஒருங்கே தோன்றும். பளிங்குப் பாதையிலே வலமாகச் செல்க. கிழக்குப் பக்கத்திலே துயர் தீர்க்கும் இலந்தை எனப்படும் பழைய மரமும், நீராடு துறையும் உள்ளன. மேற்கிலே அகால் தக்தும், அதனெதிரே கோயிலுக்குச் செல்லும் பாலத்தின் தோரண வாயிலும் காணலாம். கோயிலுக்கு வாயில் நான்காயினும் பாலம் ஒன்றே. ஆகையால் வரிசையில் ஒரு மணி நேரமாவது நிற்க நேரிடும். சிறப்புத் தரிசனச் சீட்டுக் கேட்டு நண்பர் ஒருவர் அங்குமிங்கும் அலைந்தார். அப்படியொன்றும் விற்கவில்லை என்று அறிந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! உள்ளே புகைப்படம் எடுத்தல் கூடாது. பிரசாதம் கோதுமை மா, நெய், சீனி மூன்றும் ஒத்த அளவிற் கிளறியது. இரு கைகளையும் குவித்தே வாங்கவேண்டும்.

உள்ளே நாள் முழுவதும் இராகத்தோடு கீர்த்தனம் நடைபெறுகின்றது. ஒன்று மட்டும் எம் மனத்தை உறுத்திற்று: நாம் இருந்த நேரமெல்லாம் பாடியவர்கள் ஆடவரே. பெண்களும் அங்கே பாட அனுமதிக்கவேண்டும் எனப் பஞ்சாப் சட்டசபை 2019 இல் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. வாக்குரிமையை 1925 இலேயே பெற்ற பெண்களுக்குப் பாட்டுரிமை ஏனோ இன்னும் பிந்துகின்றது.

லங்கரில் உண்ணாமல் வருதல் யாத்திரையாகாது. இரவு பகல் எந்நேரமும் அது திறந்திருக்கும். நாளொன்றுக்கு உண்போர் பல்லாயிரவர். தட்டை ஏந்திச் சென்று நீண்ட பாயில் வரிசையாக அமரவேண்டும். பருப்பு, கறி, பாயாசம் வாளியில் வரும். ரொட்டியை இரு கைகளையும் நீட்டிக் கேட்கவேண்டும்; ஒரு கை நீட்டிய எமக்குப் பரிமாறியவர் புன்னகையோடு மறு கையையும் காட்டும்படி சைகை செய்தார். எமக்கு வலப்பக்கம் இருந்தவர் தங்கக் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். இடப்பக்கத்தவர் சைக்கிள் ரிக்சா இழுப்பவர். இருவரும் ஒரே வாளியிலிருந்து பருப்பு வாங்கினர். பின்னர் நாமும் தட்டுக் கழுவும் தொட்டியருகே ஒரு மணி நேரம் நின்றோம். வீட்டிலே கோப்பை கழுவியறியாத நண்பர் மூன்று தட்டுக்களைக் கீழே போட்டார். ஒருவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

அன்றிரவு பத்து மணிக்குப் பின், கிரந்தத்தைப் பூமாலை சூட்டிய பல்லக்கில் வைத்துக் கோயிலிலிருந்து அகால் தக்துக்குக் கொண்டுபோகும் வைபவத்தைக் கண்டோம். பல்லக்குத் தண்டுக்குத் தோள்கொடுக்க வரிசையில் நிற்கும் ஆடவர் எவராயினும் சில அடி தூரம் சுமக்கலாம். யாரும் எம்மை ஊர் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை. எம்முள் உயரமான நண்பருக்கு இடம் கிடைத்தது. பாலத்தின் பாதித் தூரம் தாங்கிவிட்டுத் தோளைத் தடவியபடி வந்தார். பின்பு இலக்கத் தகட்டைக் கொடுத்து, பனியிற் குளிர்ந்துபோன சப்பாத்துக்களைப் பெற்றுக்கொண்டோம்.